மஞ்சள் விளக்கும் நாற்பது பக்க நோட்டும்

பெங்களூரில் வாழும் நம்மவருள் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்போர் தொகை சிறிதன்று. ஓசூரிலிருந்து முட்டைக்கோசும் குடைமிளகாயும், இராயக்கோட்டையிலிருந்து தக்காளியும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கும் கலாசிபாளையத்துக்கும் வந்து சேரும் சிறு டீசல் வண்டிகளை இவ்வூரார் அனைவரும் அறிவர். 'பிக்கப்' என்று நாம் அழைக்கும் அவ்வண்டிகளில், ஓட்டுநரின் கண்ணெதிரே, இஞ்சின் வடிவில் சிறியதொரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. அது எரியத் தொடங்கினால் வீட்டில் அடுப்பு எரிவது ஐயமாகிவிடும்.

அதிலும், எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு எவ்வளவோ மேல். அதற்கு மருந்து உண்டு. வந்தும் போயும் இருக்கும் விளக்கே மனிதனை அலைக்கழிப்பது. என் மைத்துனர் அதனால் மூன்று மாதம் பட்ட பாட்டையும், அது தீர்ந்த வகையையும் இங்கு எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். பதிவேடு எழுதுவதே என் தொழில். அந்தத் தொழில் இவ்விஷயத்தில் எதிர்பாராத வகையில் உதவியது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

முதலில் இவ்விளக்கின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். டீசல் புகையில் முக்கியமான தீங்குகள் இரண்டு. ஒன்று கரித்தூள், மற்றொன்று நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள். இவற்றைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதிமுறை, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நான்காம் படியில் நின்ற நம் நாடு ஐந்தாம் படியைத் தாண்டி நேரே ஆறாம் படிக்கு ஏறியது. இதன்படி, இலேசு வகை டீசல் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் 4.5 மில்லிகிராமுக்கு மேல் தூள் கக்கலாகாது. டீசலில் உள்ள கந்தகமும் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு என்றிருந்தது 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இந்த அளவை எட்டுவதற்காக, புகைக்குழாயில் தேனடை போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்றை வைத்தார்கள். புகை ஒரு கண்ணறையில் நுழைந்து, அதன் சுவரை ஊடுருவி, பக்கத்துக் கண்ணறை வழியே வெளியேறும். கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரி ஏறக்குறைய 600 பாகைச் சூட்டில் தானே எரிந்து போகும். அதற்கு வண்டி சிறிது நேரம் தடையின்றி ஓட வேண்டும். பட்டு வாரியச் சந்திப்பில் ஆமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தால் அச்சூடு எங்கிருந்து வரும்? ஆகவே, வடிகட்டி எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை ஓயாமல் கண்காணிக்க ஒரு சென்சார் இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் அதனோடு இணைந்திருக்கும். இரு புறத்து அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது அளந்து, கம்பி வழியே வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும். வேறுபாடு மிகுந்தால் அடைப்பு மிகுதி. இவ்வளவுதான் தத்துவம். பெரிய லாரிகளிலும் சில பிக்கப்களிலும் இதனோடு யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டியும் உண்டு. என் மைத்துனர் வண்டியில் அது இல்லை. அதனால் ஒரு தொல்லை குறைவு.

அவர் அவ்வண்டியை 2022ஆம் ஆண்டில் வாங்கினார். முன்பணத்துக்கு என் மாமியாரின் நகைகள் அடகுக்குச் சென்றன. மிகுதிக்கு மாதத் தவணை. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கு வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் வண்டி குறையின்றி ஓடியது. 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, தக்காளிப் பாரத்தோடு அத்திப்பள்ளியை நெருங்குகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே இழுவையும் குறைந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் வண்டி ஏறவில்லை. மண்டிக்கு அவர் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அன்றைய வாடகையில் பாதியை மண்டிக்காரர் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டு சென்றார். அங்கே ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "சென்சார் கோளாறு" என்றார்கள். குறிப்பெண்ணை அழித்து அனுப்பினார்கள். விளக்கு அணைந்தது. பத்து நாளில் மீண்டும் வந்தது. இம்முறை பட்டறைக்குப் போகுமுன்னரே தானாக அணைந்துவிட்டது. "லைட் இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்தால் நான் எதைப் பார்ப்பது?" என்று திருப்பி அனுப்பினார்கள். கன்னடத்தில் 'லைட் பந்து' என்றால் விளக்கு வந்தது என்று பொருள். பந்து என்னும் சொல்லை நம் மொழிப் பொருளிலேயே கொண்டாலும் தவறில்லை என்று எனக்குத் தோன்றியது. என் மைத்துனரை அங்கும் இங்கும் உதைத்துக்கொண்டிருந்தது அந்தப் பந்துதான்.

ஆவணி பிறந்ததும் புதிய சென்சார் பொருத்தினார்கள். ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு வாரம் அமைதி. பின்னர் அதே விளக்கு. "அப்படியானால் வடிகட்டியே போய்விட்டது. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். ஒன்றரை இலட்சத்தை எட்டும்" என்றார்கள்.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "மாமா, ஒருவர் வேறு வழி சொல்கிறார். வடிகட்டியின் உள்ளே இருப்பதைக் குடைந்தெடுத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதிவிடுவாராம். இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். இனி எந்நாளும் விளக்கே வராது என்கிறார்."

இதனைச் சிறிது நின்று பேச விரும்புகிறேன். இந்த வழியை நாடியவர்கள் பலர் இருக்கலாம். வறுமை எதைத்தான் செய்யச் சொல்லாது? எனினும் இரண்டு செய்திகளை அவருக்குச் சொன்னேன். முதலாவது சட்டம். தயாரிப்பாளர் அமைத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு; சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு; மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். உரிமம் போன ஓட்டுநருக்கு வண்டி எதற்கு?

இரண்டாவது செய்தி சட்டத்தினும் பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? அதிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் வண்டியின் பின்புறம் நின்று மூட்டை இறக்கும் கூலியாட்களும், வண்டிகளுக்கிடையே சாக்கை விரித்து உறங்கும் பெண்களும் அல்லரோ? அவர்களில் பாதிப்பேரை என் மைத்துனர் பெயர் சொல்லி அழைப்பவர். சிலர் தருமபுரிப் பக்கத்து உறவினரே. இதைச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு மாதம் பொறுத்துக்கொள் தம்பி. அதற்குள் விளக்கு எதனால் வருகிறது என்று பார்ப்போம்" என்றேன். "பட்டறைக்காரருக்கே தெரியாதது நமக்கு எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் இரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு, வந்து மறையும் பழுது புதிதன்று. நள்ளிரவில் ஒரு சிக்னல் இரண்டு நிமிடம் சிவப்பிலேயே நின்றுவிட்டுப் பின்பு தானே சரியாகிவிடும். பழுது பார்ப்போர் வந்து சேரும்போது ஒரு குறையும் இராது. அதற்காக நிலையங்களில் 'டேட்டா லாகர்' என்னும் பதிவுக் கருவி வைத்திருக்கிறார்கள். எந்த ரிலே எந்த நொடியில் விழுந்தது, எப்போது எழுந்தது என்பதை அது எழுதிக்கொண்டே இருக்கும். கருவி வருமுன்னரும் பதிவேடு இருந்தது. மழையா, வெயிலா, எந்த வண்டி கடந்தது என்று நிலைய அதிகாரி கையால் எழுதிவைப்பார். கண்முன் நில்லாத பழுதை எழுத்தில்தான் நிறுத்த முடியும்.

ஆகவே, என் மகளின் பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கட்டம் கட்டி அவரிடம் கொடுத்தேன். தேதி, கிலோமீட்டர், ஏற்றிய பாரம், சென்ற வழி, டீசல் போட்ட இடம், மழை, வண்டிக்கு அன்று செய்த வேலை எதுவாயினும் அது, விளக்கு எரிந்ததா அணைந்ததா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. நாள்தோறும் எழுத வேண்டும். விளக்கு வராத நாளிலும் எழுத வேண்டும். இதுவே அவருக்கு விளங்காதது. "ஒன்றும் நடக்காத நாளில் எதை எழுதுவது?" என்றார். நடக்காத நாளை எழுதினாலல்லவா நடந்த நாளின் வேறுபாடு தெரியும்?

மற்றொன்றும் செய்தோம். சாதர் பத்ரப்பா சாலையில், நாம் எஸ்.பி. ரோடு என்கிறோமே, அங்கே தீப்பெட்டியைவிடச் சிறிது பெரிய கருவி ஒன்று விற்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு பொருத்துவாய் இருக்கிறது. அதில் இக்கருவியைச் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைக் கைப்பேசியில் படிக்கலாம். ஏதும் மாற்ற வேண்டாம், படித்தால் போதும்.

அதனைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அழுத்த சென்சார் பற்றிய குறிப்பெண்கள் பல உண்டு. கரி மிகுந்து வடிகட்டி அடைத்துக்கொண்டால் எழும் எண் பி 2463. எங்கள் வண்டியில் வந்ததோ பி 2456. சென்சாரிலிருந்து வரும் செய்தி விட்டுவிட்டு வருகிறது, நிலையின்றித் தடுமாறுகிறது என்பதே அதன் பொருள். வடிகட்டி அடைத்தது என்று அந்த எண் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மேலும், பிழை நேர்ந்த கணத்தில் வண்டி எந்நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் ஒரு படம்போல் பிடித்து வைத்துக்கொள்கிறது. எங்கள் படத்தில் இஞ்சின் இன்னும் சூடேறவில்லை, வேகம் பூச்சியம். அடைப்பினால் அழுத்தம் ஏறுவதாயின், பாரத்தோடு மேட்டில் ஏறும்போதல்லவா ஏற வேண்டும்? நின்ற இடத்தில், குளிர்ந்த இஞ்சினில் ஏன் ஏறுகிறது?

பட்டறையில் ஒவ்வொரு முறையும் எண்ணை அழித்தபோது இந்தப் படமும் சேர்ந்தே அழிந்திருக்கிறது. பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்துவிட்டு விசாரணை நடத்துவதுபோல. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் செய்தால் அவர் நிலை என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வைத்திருப்போருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அழிக்குமுன் எண்ணையும் அதனோடு உள்ள விவரங்களையும் எழுதித் தரும்படி கேளுங்கள்; அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு தானே அணைவதன் மர்மமும் இங்கே விளங்கியது. பிழை ஒருமுறை தோன்றியவுடன் விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பலவகைப் பிழைகளில், அடுத்த ஓட்டத்திலும் அது காணப்பட்ட பின்னரே எரியும். எரிந்த பின்பு அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் பிழை தென்படாவிட்டால் அணைந்துவிடும். குறிப்பெண் மட்டும் நினைவில் தங்கியிருந்து, இஞ்சின் நாற்பது முறை சூடேறிய பின்புதான் மறையும். ஆகவே விளக்கு அணைந்தது என்றால் நோய் தீர்ந்தது என்று பொருள் கொள்ளலாகாது. மூன்று ஓட்டங்களில் நோய் தலைகாட்டவில்லை, அவ்வளவே.

புரட்டாசி முழுவதும் நோட்டு எழுதப்பட்டது. என் மைத்துனரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆயினும் ஒருநாளும் தவறவில்லை. மூன்று வாரம் சென்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். டீசல் போட்ட இடத்துக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை. பாரத்துக்கும் தொடர்பில்லை. வழிக்கும் இல்லை. ஆனால் விளக்கு வந்ததெல்லாம் திங்கள் அல்லது செவ்வாய். அணைந்ததெல்லாம் வியாழன் அல்லது வெள்ளி. என் மனைவிதான் முதலில் கண்டாள். காப்பித் தம்ளரை வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தவள், "தம்பி ஞாயிறுதோறும் வண்டியைக் கழுவ விடுகிறானே" என்றாள்.

ஆம். ஞாயிறுதோறும் 'வாட்டர் சர்வீஸ்'. கோசு இலையும் சேறும் வண்டியடியில் ஒட்டிக்கொள்வதால், அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவுவது வழக்கம். ஆனாலும் ஒரே காரணத்தைக் கண்டதும் துள்ளிக் குதித்துவிடலாகாது. ஞாயிறன்று வண்டி ஓடாமல் நிற்கிறது. அதனாலும் வரலாம் அல்லவா? அடுத்த ஞாயிறு கழுவாமல் நிறுத்திப் பாருங்கள் என்றேன். கழுவவில்லை. திங்களும் செவ்வாயும் விளக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. அதற்கடுத்து அக்டோபர் 15ஆம் தேதி பெங்களூரில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது செவ்வாய்க்கிழமை. கழுவியதும் இல்லை, ஞாயிறும் இல்லை. முழங்காலளவு நீரில் வண்டி வந்து சேர்ந்தது. வியாழன் காலை விளக்கு எரிந்தது. எனக்கு ஐயம் தீர்ந்தது. நீர் எங்கோ புகுகிறது. இரண்டொரு நாள் இஞ்சின் சூட்டில் உலர்கிறது. உலர்ந்ததும் பிழை மறைகிறது.

லால்பாக் பக்கத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். வட்டாரத்தார் அவரைப் 'பாய்' என்றே அழைப்பர். அவரிடம் நோட்டோடு சென்றோம். அவர் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுபவர்; தமிழ் படிக்கத் தெரியாது. என் மைத்துனர் வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிவில், "இவ்வளவு எழுதிக்கொண்டு ஒருவரும் என்னிடம் வந்ததில்லை" என்று சிரித்தார்.

பின்பு அவர் செய்த சோதனை மிக எளியது. இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போட்டு வைத்தார். இஞ்சின் ஓடாதபோது வடிகட்டியின் இருபுறமும் ஒரே அழுத்தந்தான். ஆகையால் சென்சார் பூச்சியத்தையோ அதற்கு மிக நெருங்கிய அளவையோ காட்ட வேண்டும். கைப்பேசியில் பூச்சியம் நின்றது. அவர் வண்டியடியில் படுத்து, சென்சாருக்குச் செல்லும் கப்ளரைப் பிடித்து மெல்ல அசைத்தார். எண் துள்ளியது. விட்டார், அடங்கியது. மீண்டும் அசைத்தார், துள்ளியது. என் மைத்துனரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கப்ளரைக் கழற்றினார். நீர் புகாமல் காக்க வேண்டிய இரப்பர் வளையம் இல்லை. உள்ளே ஒரு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புதிய சென்சாரைப் பொருத்தியும் பயன் தராததற்குக் காரணம் அதுவே. சென்சார் புதிது, அதற்குச் செல்லும் வாய் பழையது. ஜே.சி. ரோட்டில் புதிய கப்ளரும் முனைகளும் வாங்கிவந்து, கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, சேர்த்து, வளையம் இட்டு, கிரீஸ் தடவி மூடினார். கம்பிக் கட்டு தொங்கி ஆடாதபடி சேசிஸோடு சேர்த்துக் கட்டினார். பொருளும் கூலியும் சேர்ந்து எண்ணூற்றைம்பது ரூபாய். பிறகு அவரே குழாயைப் பிடித்து அந்த இடத்தில் கால்மணி நேரம் நீர் பாய்ச்சினார். எண் அசையவில்லை.

எல்லா மஞ்சள் விளக்குக்கும் களிம்பே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வடிகட்டி உண்மையாகவே அடைத்துப்போன வண்டிகளும் உண்டு. சென்சாருக்குச் செல்லும் இரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். எலி கடித்த கம்பியாகவும் இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு காருக்கு எலிதான் எமனாக வந்தது. அவரவர் வண்டிக்கு அவரவர் நோட்டுத்தான் சாட்சி. விளக்கு எரியாமல் மினுக்கத் தொடங்கினாலோ, சிவப்பு விளக்கு வந்தாலோ நோட்டு எழுதிக்கொண்டிராமல் வண்டியை உடனே ஓரங்கட்டுங்கள். அது வேறு விஷயம்.

தை மாதத்தில் எங்கள் வண்டியில் ஒரு விளக்கு வந்தது உண்மை. பதறவில்லை, எண்ணைப் பார்த்தோம். இம்முறை அது கரி சேர்ந்ததைக் குறிக்கும் எண்ணே. நோட்டைப் புரட்டினால் காரணம் கண்முன் நின்றது: பொங்கலையொட்டிப் பன்னிரண்டு நாள் வண்டி நகரைவிட்டு வெளியே போகவேயில்லை, மார்க்கெட்டிலிருந்து சிவாஜிநகருக்கும் அலசூருக்கும் கரும்பும் மஞ்சள்கொத்தும் சுமந்து ஊர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் என் மைத்துனர் கிருஷ்ணகிரிக்கு ஒரு நடை போனார். சூளகிரியைத் தாண்டியதும் விளக்கு அணைந்ததாக அன்றிரவு எழுதியிருக்கிறார். அதன் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, அங்கே ஒரு கடையில் தோசை நன்றாக இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்.